ஒரு நடன இசைப் பத்திரிகையைத் தொடங்குவதும் மூடுவதும்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுப் பரணில் மூன்று கட்டுப் பழைய பத்திரிகை கிடக்கிறது. சென்ற மாதம் அக்கா மகள் ஏணி போட்டு ஏறி ஒரு கட்டை இறக்கினாள். கூடத்தில் உட்கார்ந்து சணலை அறுத்து, தூசி தட்டிப் புரட்டிவிட்டு, "மாமா, இதுபோல ஒன்று நாங்களும் ஆரம்பிக்கப் போகிறோம். எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தாள் போதவில்லை. அவளைப் போலக் கேட்க நினைப்பவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

2006 பிப்ரவரி முதல் 2009 அக்டோபர் வரை நாங்கள் நான்கு பேர் பெங்களூரிலிருந்து ஓர் ஆங்கிலப் பத்திரிகை நடத்தினோம். ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டிரம் அண்ட் பேஸ் என்று டி.ஜே.க்கள் இசைக்கிற இசைக்காக மட்டும் ஒரு பத்திரிகை. மொத்தம் 26 இதழ்கள். மற்ற மூவரும் எழுதினார்கள், படம் எடுத்தார்கள், இரவெல்லாம் விழித்தார்கள். நான் அச்சும் கணக்கும் பார்த்தேன். அப்பா காட்டன்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பைண்டராக இருந்தவர். பசை வாசனை எனக்குப் பழக்கம். பத்திரிகையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே பெயரில் இப்போது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அழகு நிலையம் நடக்கிறது. அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு?

பெயரும் பதிவும்

பெயர் வைக்கும்போது 'நடனம்' என்ற சொல்லைத் தவிர்த்துவிடு. நாங்கள் துணைத் தலைப்பில் போட்டிருந்தோம். முதல் ஆண்டிலேயே நான்கு பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு அழைப்பிதழ் வந்தது, விமரிசனம் எழுதச் சொல்லி. ஒன்றுக்கு நான் போனேன். சாப்பாடு பிரமாதம்.

எங்கள் காலத்தில் 1867ஆம் ஆண்டின் சட்டம் நடப்பில் இருந்தது. பெயரை முதலில் டெல்லியில் பத்திரிகைப் பதிவாளர் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு இங்கே மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுக்க வேண்டும், பிறகு மறுபடி டெல்லி. அதே மொழியில் நாட்டில் எங்கேயாவது அதேபோல ஒரு பெயர் இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். எங்களுக்கு இரண்டு முறை தள்ளினார்கள். இப்போது 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது; பெயருக்கும் பதிவுக்கும் ஒரே விண்ணப்பம், இணையத்திலேயே. ஆகையால் சோம்பலுக்குச் சாக்கு இல்லை. ஒரு பெயரோடு காதல் கொள்ளாதே, ஐந்து பெயரை வைத்துக்கொள். பதிவை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளாதே. சலுகைத் தபால் கட்டணம் கேட்டுப் போகும்போது முதலில் பதிவு எண்ணைத்தான் கேட்பார்கள்.

கணக்கு

இதைத்தான் அவள் கேட்டாள். 2007இல் எங்கள் ஓர் இதழின் கணக்கை அப்படியே தருகிறேன். விலைகள் மாறியிருக்கும், கணக்கின் குணம் மாறவில்லை.

48 பக்கம், 3,000 பிரதி, இரு மாத இதழ், விலை 40 ரூபாய். அச்சும் தாளும் பிரதிக்கு 26 ரூபாய் வீதம் 78,000. அட்டையோடு கொடுக்கும் குறுந்தகடு உறையோடு சேர்த்து 7 ரூபாய் வீதம் 21,000. லாரி, ஆட்டோ, தபால் 6,000. ஆகச் செலவு 1,05,000. கடைகளுக்குப் போடும் முகவர் 40 சதவீதம் எடுத்துக்கொள்வார். பிரதிக்கு நமக்கு 24 ரூபாய். கடைகளில் விற்றது 1,100. வரவு 26,400. முழுப் பக்க விளம்பரம் நான்கு, ஒன்று 25,000 வீதம் ஒரு லட்சம். கூட்டிக் கழித்தால் 21,400 ரூபாய் மிச்சம். இதில் சந்தாவைச் சேர்க்கவில்லை. வாசகர் முன்கூட்டிக் கொடுத்த பணம் அது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டு, "லாபம்தானே மாமா?" என்றாள். தாளில் லாபம்தான். அச்சகத்துக்குப் பணம் அச்சு முடிந்த அன்று. விளம்பரப் பணம் வருவது 120 நாள் கழித்து, அதுவும் நல்ல விளம்பர ஏஜென்சியாக இருந்தால். இரு மாத இதழுக்கு 120 நாள் என்றால் என்ன பொருள்? முதல் இதழின் காசோலை வரும்போது மூன்றாம் இதழ் மெஷினில் ஏறிக்கொண்டிருக்கும். அதாவது முதல் இரண்டு இதழையும் உன் கைப்பணத்தில் போட வேண்டும். 2,10,000 ரூபாய் கையில் இல்லாமல் 1,05,000 ரூபாய்ப் பத்திரிகையைத் தொடங்க முடியாது. நாங்கள் ஒன்றரை லட்சத்தோடு தொடங்கினோம். மீதியை என் திருமணத்துக்கு அம்மா சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணம் கொடுத்தது. அம்மாவுக்கு இது 2008இல்தான் தெரியும்.

விளம்பரம் யாரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுப் பக்கங்களில் பாதி 'இசைக் குறுந்தகடு' விளம்பரங்கள். மதுவை நேரடியாக விளம்பரப்படுத்த முடியாது என்பதால் மதுபான நிறுவனங்கள் அதே பெயரில் சோடா, குறுந்தகடு என்று விளம்பரம் கொடுக்கும். அந்தக் குறுந்தகட்டைக் கடையில் கண்ணால் கண்டவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. நாங்கள் மட்டும் ஒழுக்கசீலர்கள் இல்லை, வாங்கிப் போட்டோம். ஆனால் ஒரே வகை விளம்பரதாரரை நம்பி நிற்காதே. பிரிட்டனில் 2003 பிப்ரவரியில் பத்திரிகைகளில் புகையிலை விளம்பரம் நின்றது. ஒரு சட்டம் ஒரே நாளில் நான்கு பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

வரி விஷயம் சுருக்கமாக: அச்சுப் பத்திரிகை விற்பதற்கு ஜி.எஸ்.டி. இல்லை, அச்சில் விளம்பர இடம் விற்பதற்கு 5 சதவீதம். மற்றதை ஒரு கணக்காளரிடம் கேள்.

சிவகாசி

பெங்களூரில் கேட்ட விலையைவிடப் பிரதிக்கு நான்கு ரூபாய் குறைவு என்பதால் சிவகாசிக்குப் போனோம். கலாசிபாளையத்தில் இரவு ஆம்னி பஸ் ஏறினால் காலையில் அண்ணாச்சியின் அச்சக வாசலில் தேநீர். 500 கிலோமீட்டருக்கு மேல். மடியில் கணினித் தட்டு, பையில் மாற்றுச் சட்டை.

சில விஷயங்களை அங்கேதான் கற்றேன். 23க்கு 36 அங்குலத் தாளில் ஒரு பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு என்று பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஆகையால் 48 பக்கம் என்பது மூன்று ஃபாரம், தாள் வீணாகாது. 52 பக்கம் வேண்டும் என்று ஆசிரியர் அடம்பிடித்தால், அந்த நான்கு பக்கத்துக்குத் தனி அச்சுத் தகடு, தனி ஓட்டம், தனிக் கூலி. அவரை சிவகாசிக்கு ஒரு முறை அழைத்துப் போ. அடம் அடங்கிவிடும்.

இரவு விடுதிப் படங்கள்தான் எங்கள் பத்திரிகையின் உயிர், அச்சில் அவைதான் எங்கள் சாபமும். கணினித் திரையில் கரும்பச்சை நிழலில் ஒரு முகம் தெரியும். தாளில் மை பரவி அது கரிக்கட்டையாகிவிடும். முதல் இதழில் பெங்களூரின் புகழ்பெற்ற டி.ஜே. ஒருவரின் மூக்குக் கண்ணாடி மட்டுமே அச்சாயிற்று. அதனால், படத்தின் நிழல் பகுதியைத் திரையில் 'அசிங்கமாக வெளுத்துவிட்டது' என்று தோன்றும் அளவுக்கு ஏற்று. அப்போதுதான் தாளில் சரியாக வரும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சிறு எழுத்து வேண்டவே வேண்டாம். நான்கு வண்ணத்தில் கட்டிய கறுப்பில் ஒரு தகடு நூலளவு நகர்ந்தாலும் எழுத்தின் வயிறு அடைத்துக்கொள்ளும். எங்கள் வடிவமைப்பாளனுக்கு ஏழு புள்ளி அளவுள்ள பொடி வெள்ளை எழுத்தின் மீது மோகம். அண்ணாச்சி லென்ஸை எடுத்துத் தாளின் மீது வைத்து அவனைப் பார்க்கச் சொன்னார். பார்த்தான். "இது எந்த மொழி தம்பி?" என்று கேட்டார்.

அச்சு ஓடும்போது நேரில் நில். முதல் நல்ல தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடு, மெஷின்காரர் அதைப் பார்த்து ஓட்டுவார். ஆவணி பிறந்துவிட்டால் ஊர் முழுக்கக் காலண்டர், டைரி வேலைதான். மார்கழி வரை உன் 3,000 பிரதியை யாரும் மதிக்க மாட்டார்கள். அக்டோபர், டிசம்பர் இதழ்களை முன்கூட்டியே முடித்துவிடு. பங்குனிப் பொங்கலுக்கும் ஊர் அடைத்துவிடும், நாள்காட்டியைப் பார்த்துக்கொள்.

ஒன்பதாம் இதழின் கதை தனி. குறுந்தகட்டு உறையை முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, உறைக்குப் பின்னால் ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். கை அப்படி ஓடும். அது 2007 மே மாதம். புதுப் பசை, விலை குறைவு, நான்தான் சம்மதித்தேன். நூறு நூறாகக் கட்டி, தார்ப்பாய் மூடிய லாரியில் ஒரு பகல் முழுக்க வெயிலில் வந்தது. கலாசிபாளையத்தில் கட்டைப் பிரித்தபோது பசை உருகி உறையின் வாய் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. குறுந்தகடு உறையோடும், உறை எதிர்ப்பக்கத்தோடும் ஒட்டிவிட்டது. பிடித்து இழுத்தால் எதிர்ப்பக்கம் தோலாக உரிந்து வந்தது. எதிர்ப்பக்கம் எதுவென்றால், முழுப் பக்க விளம்பரம். எதற்கு விளம்பரம்? இசைக் குறுந்தகட்டுக்கு. உண்மையான குறுந்தகடு ஒன்று இல்லாத குறுந்தகட்டின் முகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. 25,000 ரூபாயும் போயிற்று.

எழுதுவது எப்படி

நான் எழுதுபவன் இல்லை. ஆனால் 26 இதழுக்கு மெய்ப்புப் பார்த்தவன், எது பொய் என்று தெரியும். எங்கள் அறைச் சுவரில் தடை செய்த சொற்களின் பட்டியல் ஒன்று இருந்தது: 'மின்சாரம் பாய்ந்த இரவு', 'அரங்கம் அதிர்ந்தது', 'மாயம்'. இவற்றை எழுதியவர் அன்று எல்லோருக்கும் மசால் தோசை வாங்கித் தர வேண்டும்.

அதற்குப் பதில் எண்ணச் சொன்னோம். இந்த இசை எண்ணிக்கையில் நிற்பது. ஹவுஸ் என்றால் நிமிடத்துக்கு 120லிருந்து 128 அடி, டிரம் அண்ட் பேஸ் 170ஐத் தாண்டும். நான்கு அடி ஓர் அளவு. பதினாறு அளவுக்கு ஒரு முறை ஏதாவது ஒன்று உள்ளே வரும், அல்லது வெளியே போகும். 120 அடி வேகத்தில் அது 32 நொடி. டி.ஜே. அடுத்த பாட்டை எந்த இடத்தில் நுழைத்தார், பழைய பாட்டின் பேஸை, அதாவது அடியில் ஓடும் கனத்த ஒலியை, எப்போது எடுத்தார், எவ்வளவு நேரம் இரண்டும் சேர்ந்து ஓடின என்று கைக்கடிகாரம் பார்த்து எழுதினால், படிப்பவர் அங்கே நின்றதுபோல் உணர்வார். அல்சூர் சோமேசுவரர் தேரின் முன்னால் தமட்டை அடிப்பவர்களை நான் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். ஒருவர் நிறுத்தி மற்றவர் எடுக்கும் அந்த இடைவெளியில்தான் கூட்டத்தின் கால் தூக்கும். டி.ஜே. செய்வதும் அதுதான் என்று எங்கள் விமரிசகனுக்கு ஒரு தேர் நாளில் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் எழுத்து உருப்பட்டது.

ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று குறிப்பு எடுக்காதே. காதில் பஞ்சு வை, பின் வரிசையில் நில்.

எங்கே சறுக்கினோம்

2007 டிசம்பரில் கோவாவின் காண்டோலிம் கடற்கரையில் சன்பர்ன் என்ற நடன இசை விழா முதல் முறையாக நடந்தது. 340 பிரதிகளைக் கொண்டுபோனோம். அத்தனையும் விற்றன. வெள்ளைக்காரர் ஒருவர் மூன்று வாங்கினார். ரயிலில் திரும்பும்போதே நால்வருக்கும் தலை கனத்துவிட்டது. வீழ்ச்சி அந்தப் பெட்டியில்தான் தொடங்கியது என்பேன். மற்ற மூவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

2008 ஜூலை முதல் மாத இதழ் ஆக்கினோம். 6,000 பிரதி. இதழுக்கு 1,75,000 ரூபாய். இப்போது அந்த 120 நாள் கணக்கைப் போட்டுப் பார்: முதல் காசோலை வருவதற்குள் நான்கு இதழ், ஏழு லட்சம். நான் போட்டுப் பார்த்தேன். சொல்லவும் சொன்னேன். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது கணக்குப்பிள்ளையின் குரல் கேட்காது.

அந்த ஆண்டுதான் பெங்களூரில் ஆடத் தடை வந்தது. தடை என்றால் புதுச் சட்டம் அல்ல. பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டின் ஆணையைப் போலீசார் கடுமையாக அமல்படுத்தினார்கள். விடுதிகளில் 'இங்கே நடனம் ஆடக் கூடாது' என்று பலகை. ரெசிடென்சி சாலையில் ஒரு விடுதியில் நானே பார்த்தேன்: டி.ஜே. அருமையாக இசைக்கிறார், எழுபது பேர் நாற்காலியில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். ஒரு பெண் எழுந்து இரண்டு அடி வைத்தாள். காவலாளி வந்து, "அம்மா, உட்காருங்கள்" என்றார். பதினொன்றரைக்கு விளக்கைப் போட்டுவிட்டார்கள். நடன இசைப் பத்திரிகைக்கு அந்த ஊரில் என்ன விளம்பரம் வரும்? அந்த ஆணை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2018 ஜனவரியில் சொல்லிவிட்டது, ஆகவே விடுதிகளை மட்டும் நம்பி இன்றும் கணக்குப் போடாதே.

ஆண்டுக் கடைசியில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ஏஜென்சிகள் முதலில் வெட்டியது எங்களைப் போன்ற சில்லறைகளைத்தான். கடைகளிலிருந்து திரும்பி வந்த கட்டுகள் எங்கள் வீட்டுக் கூடத்தை நிறைத்தன. பெருமைக்காக அச்சடித்த அந்த இரண்டாவது மூவாயிரம் அப்படியே திரும்பியது. 2009 மார்ச்சில் மறுபடி இரு மாத இதழாக்கினோம், அதிலும் ஒன்று தவறியது. அண்ணாச்சிக்கு இரண்டே முக்கால் லட்சம் பாக்கி. அவரைப் பார்க்கப் போனேன். இலை போட்டுச் சாப்பாடு போட்டார். கை கழுவும்போது, "தம்பி, கடன் மெதுவாக வரட்டும். அடுத்த இதழ் எப்போது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்" என்றார்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது: ஆண்டுக்கு இரண்டு இதழ் போடு. மான்செஸ்டரில் 1993இல் பால் பென்னி, ஜான் பர்ஜஸ் இருவரும் கைப்பத்திரிகையாகத் தொடங்கிய ஜாக்கி ஸ்லட் என்ற நடன இசைப் பத்திரிகை 2004இல் நின்றது. அதே ஆட்கள் 2022இல் டிஸ்கோ போகோ என்ற பெயரில் மறுபடி வந்தார்கள், ஆண்டுக்கு இரண்டே இதழ், புத்தகம்போலத் தடிமனாக. பெர்லினின் டீபக் 1997 முதல் 2014 வரை, ஜெர்மனியின் குரூவ் 1989 முதல் 2018 வரை அச்சில் வந்தன. செய்தி சொல்ல இனி அச்சு வேண்டாம், அதற்குக் கைப்பேசி போதும். வைத்துக்கொள்ளத் தகுந்ததை மட்டும் அச்சடி.

மூடுவது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் இதழிலேயே மூடும் நிதி என்று ஒரு தனிக் கணக்கு திற. சந்தாப் பணம் முழுவதும் அதில் போகட்டும். ஓர் இதழ் அனுப்பிய பிறகு அந்த இதழுக்கான பங்கை மட்டும் எடுத்துக்கொள். சந்தா என்பது வருமானம் அல்ல, வாசகர் உனக்குக் கொடுத்த கைமாற்று. நாங்கள் அதை மெஷினுக்குக் கொடுத்துவிட்டோம். மூடியபோது 212 சந்தாதாரர்களுக்கு மீதித் தொகையைத் திருப்ப, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் வைத்திருந்த நண்பன் தன் டெக்னிக்ஸ் 1200 ஜோடியை விற்றான். அடுத்த ஆண்டு, 2010இல், நிறுவனம் அந்த மாதிரியின் உற்பத்தியையே நிறுத்தியது. இன்றும் என்னைப் பார்த்தால் முதலில் அதைத்தான் சொல்வான்.

கடைசி இதழ் என்று கடைசி இதழிலேயே அறிவித்துவிடு. சத்தமில்லாமல் நிறுத்துவது கடன்காரனின் வேலை. எழுதியவர்களுக்கும் படம் எடுத்தவர்களுக்கும் உரிமை அவர்களுக்கே என்று ஒரு வரி எழுதிக் கொடு. பக்கங்களை எல்லாம் பி.டி.எஃப். ஆக்கி மூன்று இடத்தில் வை. எங்கள் முதல் ஆறு இதழ்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கின்றன, இன்று திறக்க ஆள் இல்லை. 1954ஆம் ஆண்டின் சட்டப்படி பத்திரிகைப் பிரதிகள் பொது நூலகங்களுக்குப் போக வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் நாங்கள் கடைசியில் மொத்தமாக அனுப்பினோம். நீ ஒவ்வோர் இதழாக அனுப்பு.

விற்காத பிரதி ஆயிரம் ஏறக்குறைய 150 கிலோ. பழைய பேப்பர்க்காரர் எடுத்துக்கொள்வார், ஆனால் பிளாஸ்டிக்கை உரித்துத் தரச் சொல்வார். நாங்கள் நால்வரும் மொட்டை மாடியில் மூன்று ஞாயிறு உட்கார்ந்து உரித்தோம்.

சந்தாவைத் திருப்பி அனுப்பிய மணியார்டர்களில் ஒன்று, கோலார் தங்க வயலிலிருந்து புது மணியார்டராக எங்களுக்கே திரும்பி வந்தது. கூப்பனில் தமிழில் இரண்டு வரி: 'பணம் வேண்டாம். ஒன்பதாம் இதழில் குறுந்தகடு ஒட்டிக்கொண்டது. ஒட்டாத பிரதி இருந்தால் அனுப்பவும்.' ஒட்டாத பிரதி ஒன்றும் இல்லை. நானே ஒன்றைப் பிரித்தெடுத்து அனுப்பினேன். அந்த முறையையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பரணிலிருந்து இறக்கிய கட்டு ஒன்பதாம் இதழ்தான், அக்கா மகள் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

முடி உலர்த்தும் கருவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பக்கத்தின் பின்புறத்திலிருந்து அரை நிமிடம் சூடு காட்டு. தையல் நூலை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, உறைக்கும் தாளுக்கும் நடுவே மேலிருந்து விட்டு, ரம்பம் அறுப்பதுபோல மெல்ல இழு. இடையில் நின்றால் மறுபடி சூடு காட்டு, நகத்தால் நெம்பாதே. உறையைக் கத்தரித்துத் தகட்டை எடுத்து, மிச்சப் பசையைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடை, வட்டமாகத் துடைக்காதே. நேற்று இரவு அவள் பிரித்த ஏழில் ஐந்து பாடுகின்றன.